நாட்டை இழந்தவர்கள் நடத்திய அலைப் பாடசாலை

எமது நாட்டின் உல்லாசப் பயணக் கடற்கரைகளில் 'பீச் போய்' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. தொழில் எதுவும் இல்லாமல் வெளிநாட்டவர்களின் பின்னால் திரியும் இளைஞன் என்ற அர்த்தத்திலேயே ஹிக்கடுவையிலும் அறுகம்குடாவிலும் ஊர்ப் பெரியவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால், இந்தச் சொல் பிறந்த இடத்தில் அதற்கு நூறு வருடங்களுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அது ஓர் இராச்சியத்தைப் பறிகொடுத்த மக்களின் வரலாறும் ஆகும்.

அண்மையில் குடும்பத்தினருடன் அறுகம்குடாவில் சில நாட்கள் விடுமுறையைக் கழித்தபோது, ஐம்பது வயதைக் கடந்துவிட்ட நானும் ஒரு மணி நேரம் அலைச்சறுக்கு விளையாட்டின் ஆரம்பப் பாடத்தைக் கற்றேன். விடுமுறைக்காகக் கடற்கரைக்கு வரும் ஒருவர் பணம் கொடுத்து உள்ளூர் இளைஞர் ஒருவரிடம் அலைமீது நிற்கக் கற்றுக்கொள்ளும் இந்த வழக்கம் எங்கே, எவரால் ஆரம்பிக்கப்பட்டது என்ற கேள்வி அதன் பின்னர் என்னை விடவில்லை. அதைத் தேடி வாசித்ததில் அறிந்துகொண்ட சில விடயங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹவாய் மொழியில் இந்த விளையாட்டுக்குப் பெயர் 'ஹெஎ நாலு'. 'ஹெஎ' என்றால் சறுக்குதல். 'நாலு' என்றால் அலை. நாம் தமிழில் அலைச்சறுக்கு என்று சொல்வது ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் அதே கருத்தைத் தருகிறது. 1779 பெப்ரவரியில் கேயலகேகுவா விரிகுடாவில் கப்டன் குக் கொல்லப்பட்ட பிறகு அவரது பயணக் குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதிய லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங், தீவு மக்கள் பலகைகளில் அலைமீது விரைந்து வருவதை வியப்புடன் விபரித்திருக்கிறார். பிரதானிகளும் சாதாரண குடிமக்களும் ஆண்களும் பெண்களும் அலைகளில் ஏறினார்கள். பலகைகள் கோஆ மரத்திலும் விலிவிலி மரத்திலும் ஈரப்பலா மரத்திலும் செதுக்கப்பட்டன. 'ஓலோ' எனப்பட்ட மிகவும் நீண்ட பலகைகள் பிரதானிகளுக்கு உரியனவாக இருந்தன.

அதற்குப் பின்னரான நூற்றாண்டு அந்த மக்களுக்குப் பேரழிவாக அமைந்தது. வெளியிலிருந்து வந்த தொற்றுநோய்கள் கிராமம் கிராமமாக மக்களைக் கொண்டுசென்றன. குக் வந்த காலத்தில் குறைந்தபட்சம் மூன்று இலட்சம் பேராவது வாழ்ந்திருப்பார்கள் என்று மதிப்பிடப்படும் அத்தீவுகளில், 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது கலப்பினத்தவரையும் சேர்த்து ஹவாய் மக்கள் சுமார் 40,000 பேர் மாத்திரமே எஞ்சியிருந்தனர். 1820இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் அலைச்சறுக்கைத் தடைசெய்து ஒழித்தார்கள் என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவந்தது. அவர்கள் அதை விரும்பவில்லை என்பது உண்மைதான். ஆனால், அலைகள் வெறிச்சோடியதற்கு அலையேற வேண்டிய மக்களே இல்லாமற் போனது பெரிய காரணம். அப்படியிருந்தும் விளையாட்டு முற்றாக மறைந்துவிடவில்லை. 1885இல் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த மூன்று ஹவாய் இளவரசர்கள் சான்டா குரூஸ் கடலில் செம்மரப் பலகைகளில் அலையேறிக் காட்டினார்கள்.

1893 ஜனவரியில் லிலியுஒகலானி மகாராணியின் ஆட்சி அமெரிக்க வர்த்தகர்களின் குழுவொன்றினால் கவிழ்க்கப்பட்டது. 1896இல் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனா மொழி என்று சட்டம் வந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. ஐந்து வருட காலத்தில் ஆட்சி, மொழி, நாடு ஆகிய மூன்றும் கைவிட்டுப்போயின. எமது வாசகர்களுக்கு இதன் கனத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

அலைச்சறுக்குக்குப் புதிதாக வந்து அதைப்பற்றி எழுதியவர்களில் பத்திரிகைக்காரர்கள் முன்வரிசையில் நிற்பது எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது. 1866இல் சக்ரமென்டோ பத்திரிகையொன்றின் நிருபராக ஹவாய்க்குச் சென்ற மார்க் ட்வெய்ன் தானும் முயன்று பார்த்தார். பலகை கரையை அடைந்தது. அவர் அடித்தளத்தை அடைந்தார். இந்தக் கலை சுதேசிகளுக்கு மாத்திரமே கைவரும் என்று 1872இல் வெளியான தனது நூலில் எழுதிவைத்தார். 1907இல் தனது பாய்க்கப்பலில் வந்த ஜக் லண்டனுக்கு வைக்கிக்கி கடற்கரையில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அலெக்சாண்டர் ஹியூம் ஃபோர்ட் என்ற இன்னொரு பத்திரிகையாளர். வெயிலில் தோல் வெந்து படுக்கையில் விழுந்த லண்டன், அந்த நிலையிலேயே எழுதிய கட்டுரை அமெரிக்கா முழுவதும் வாசிக்கப்பட்டது. வைக்கிக்கி உலக வரைபடத்தில் இடம்பிடித்தது.

ட்வெய்ன் முடியாது என்றதை முடியும் என்று காட்டிய ஃபோர்ட், 1908இல் அவுட்ரிகர் கனூ கிளப் என்ற கழகத்தை அமைத்தார். அலைச்சறுக்கைப் பாதுகாப்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால், அதன் அங்கத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஹவாய் இளைஞர்கள் ஏற்கெனவே ஒரு மரத்தடியில் கூடிவந்த தங்களது குழுவை 1911இல் 'ஹுயி நாலு' என்ற பெயரில் முறையான கழகமாக்கினர். அலைகளின் சங்கம் என்பது அதன் பொருள். நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் அலையையும் எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்ற அச்சம் அந்தப் போட்டிக்குப் பின்னால் இருந்தது.

1901இல் வைக்கிக்கியில் மோவானா ஹொட்டேல் திறக்கப்பட்டது. கப்பல்களில் வந்திறங்கிய செல்வந்தர்களுக்கு நீச்சலும் வள்ளமோட்டமும் அலைச்சறுக்கும் கற்றுக்கொடுப்பது ஹுயி நாலு இளைஞர்கள் பலரின் வருமானமாகியது. அவர்களைத்தான் 'பீச் போய்ஸ்' என்று அழைத்தார்கள். அவர்களில் பிள்ளை குட்டிக்காரர்களும் இருந்தனர். காலனித்துவ பங்களாக்களில் தலை நரைத்த வேலையாளையும் 'போய்' என்று கூப்பிட்ட வழக்கத்தை அறிந்த எமக்கு இது புதினமல்ல.

ஆனால், ஹவாய் வரலாற்றாசிரியர் ஐசாயா ஹெலெகுனிஹி வோக்கர் 2011இல் வெளியான தனது நூலில் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார். கரையில் அதிகாரம் முழுவதும் அந்நியர் வசமிருந்த காலத்தில், அலை உடையும் அந்தப் பரப்பில் மாத்திரம் ஹவாய் மக்கள் தங்கள் தன்னாட்சியை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே அவரது வாதம். ஆரம்பப் பாடம் இதற்கு நல்ல உதாரணம். கரையில் முதலாளியாக இருப்பவர் தண்ணீருக்குள் இறங்கியதும் மாணவராகிவிடுகிறார். எந்த அலை, எந்தக் கணம் என்று தீர்மானிப்பவர் பின்னால் நிற்பவர்தான். 1922 ஓகஸ்டில் கணவருடன் வந்த அகதா கிறிஸ்டியும் இப்படித்தான் கற்றார். அலையின் வேகத்தில் அவரது பட்டு நீச்சலுடை கிழிந்தது. பவளப்பாறை பாதங்களைக் கீறியது. ஆனாலும், அலைமீது எழுந்து நின்ற அனுபவத்தை வாழ்வின் பெரிய இன்பங்களில் ஒன்றாகத் தன் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார்.

ஹவாய்க்கு வெளியே இந்தப் பாடசாலையைக் கொண்டுசென்ற இருவரின் பெயர்கள் நினைவில் வைத்திருக்கத்தக்கவை. கலப்பின ஹவாயரான ஜோர்ஜ் ஃப்ரீத் 1907இல் கலிபோர்னியாவுக்குச் சென்று, ரயில் கம்பனியொன்றின் ஏற்பாட்டில் ரெடொண்டோ கடற்கரையில் அலையேறிக் காட்டினார், உயிர்காப்பாளர்களைப் பயிற்றுவித்தார். உலகையே வாட்டிய இன்ஃபுளுவென்சா தொற்றில் 1919இல் தனது 35ஆவது வயதில் மாண்டார். மற்றவர் டியூக் கஹானமொக்கு. 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்ற அவர், 1914 டிசம்பரில் அவுஸ்திரேலியா சென்றபோது சிட்னியில் பைன் மரத்தில் ஒரு பலகையைத் தானே செதுக்கி ஃபிரெஷ்வோட்டர் கடலில் அலையேறினார். 1915 தொடக்கத்தில் இசபெல் லெதம் என்ற பதினைந்து வயதுச் சிறுமியைத் தன் பலகையில் ஏற்றிச்சென்றதும் அவரே. இன்று அறுகம்குடாவுக்கு வரும் அவுஸ்திரேலியர்களின் விளையாட்டுப் பரம்பரையில் அந்தப் பலகைக்கு மறக்கமுடியாத இடமுண்டு.

1925 ஜூனில் கலிபோர்னியாவில் படகொன்று கவிழ்ந்தபோது டியூக் தனது பலகையில் மீண்டும் மீண்டும் சென்று எட்டுப் பேரைக் காப்பாற்றினார். அலைச்சறுக்கு ஒலிம்பிக்கில் சேர்க்கப்படவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அது 2021இல் நடந்த டோக்கியோ போட்டிகளில்தான் நிறைவேறியது. பெண்களுக்கான முதல் தங்கத்தை ஹவாய்ப் பூர்வகுடி வீராங்கனை கரிசா மூர் வென்றார். தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளில் ஹவாயின் கொடியின் கீழ் அலையேறிய அவருக்கு, ஒலிம்பிக் மேடையில் ஏற்றப்பட்டது அமெரிக்காவின் கொடி. 1898இன் நிழல் அவ்வளவு நீண்டது.

என்னைப் போன்ற ஒருவருக்கு இந்தப் பாடம் சாத்தியமானதற்குச் சில கண்டுபிடிப்புகள் காரணம். டியூக் 1930களில் பயன்படுத்திய பதினாறு அடிப் பலகை 50 கிலோகிராமுக்கும் கூடுதலான நிறை கொண்டது. 1935இல் ரொம் பிளேக் பலகையின் அடியில் சிறு செட்டையைப் பொருத்தினார். பலகை பக்கவாட்டில் வழுக்கிப்போவது குறைந்தது. 1950களின் பிற்பகுதியில் நுரைப்பொருளாலான பலகைகள் வந்து நிறையைக் குறைத்தன. 1970களில் பலகையைக் காலுடன் இணைக்கும் வார் வந்தது. இன்று ஆரம்ப மாணவருக்குத் தருவது விழுந்தாலும் அடிபடாத மெத்தென்ற நுரைப்பலகை. ட்வெய்னுக்கு இவற்றில் ஒன்றாவது கிடைத்திருந்தால் அவரது தீர்ப்பு மாறியிருக்கலாம்.

எனக்குக் கற்றுத்தந்தவர் உல்லைக் கிராமத்தைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். தகப்பனார் கரைவலைத் தொழிலாளி. பலகையை மணலில் வைத்து, படுத்து, கைகளால் வலித்து, ஒரே மூச்சில் எழுந்து நிற்கும் பயிற்சியைப் பத்துத் தடவைகளுக்கு மேல் செய்யவைத்தார். அதுவரை எதற்கெடுத்தாலும் "சேர்" என்றவர், இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கியதும் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். "பலகையப் பாக்காதீங்க, பாத்தா விழுவீங்க. கரையில நிக்கிற தென்னையப் பாருங்க. எப்ப எழும்புறதெண்டு நான் சொல்லுவன்" என்றார். சொன்னபோது எழுந்தேன். மூன்று நான்கு விநாடிகள் நின்றிருப்பேன். வைக்கிக்கியில் நூறு வருடங்களுக்கு முன்னர் ஹொட்டேல் விருந்தினருக்குக் கிடைத்த பாடமும் இதுதான்.

ஆனால், அறுகம்குடாவின் கதை ஹவாயின் கதைக்கு ஒரு விதத்தில் எதிர்மாறானது. இங்கே 1970களில் வெளிநாட்டவர்களே பலகைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பலகைகளில் மீனவச் சிறுவர்கள் பழகினார்கள். அலையின் குணமும் நீரோட்டத்தின் போக்கும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. இன்று அந்தச் சிறுவர்களுக்குப் பின்வந்த தலைமுறையினர் வெளிநாட்டவர்களுக்கே ஆசிரியர்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அறுகம்குடாவிலும், அது ஓய்ந்த பின்னர் வெலிகமவிலுமாக ஆண்டு முழுவதும் பாடம் நடத்துவோரும் உண்டு. 2018இல் அங்கு பெண்களுக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்ட ஊரில் அது சிறிய காரியமல்ல. கட்டுமரம் என்ற சொல்லை உலகுக்குத் தந்த தமிழகக் கரையிலும், கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தன் கிராமத்துச் சிறுவர்களை இதே வழியில் ஆசிரியர்களாக்கினார்.

இந்த வருமானமும் பெருமையும் நிலத்தின்மீது நிற்பவை என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் ஆகக்கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டக்கூடாது என்று அறிவிக்கப்பட்டபோது, உல்லாசப் பயண ஹொட்டேல்களுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டதை அறுகம்குடா மீனவர்கள் எதிர்த்தார்கள். கட்டுப்பாடு பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால், கரையோரக் காணிகள் வெளியாருக்குக் கைமாறுவதும், உல்லாசப் பயண விசாவில் வந்தவர்களே அலைச்சறுக்குப் பாடசாலைகளை நடத்துகிறார்கள் என்ற முறைப்பாடுகளும் அண்மைய வருடங்களில் இலங்கையின் பல கடற்கரைகளில் எழுந்துள்ளன.

ஹவாய் மக்களுக்கு நிலம் போன பின்னர் அலை எஞ்சியது. அந்த அலையைக் கற்றுக்கொடுத்து அவர்கள் தங்களது விளையாட்டையும் அதன் பெயரையும் காப்பாற்றினார்கள். ஆனால், கரையில் அவர்களுக்கு இருந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அறுகம்குடாவில் நிலைமை இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. பாடம் நடத்துகிறவரின் வீடு இன்னும் கடற்கரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. பிரதேச சபையும் உல்லாசப் பயணத்துறை அதிகாரிகளும் பாடசாலைகளுக்கு அனுமதி வழங்கும்போதும், காணிகளுக்கு உறுதி எழுதப்படும்போதும் பார்க்கவேண்டியது அந்த வீட்டைத்தான். விடுமுறைக்குச் செல்லும் நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. பாடத்தை ஊரவரிடம் கற்போம். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்போம். கற்றுத்தந்தவரை 'பீச் போய்' என்று அழைக்காமல் ஆசிரியர் என்று அழைப்போம்.