வழிப்பறி வழக்கும் வக்கீல் இல்லாத முதல் இரவும்

இரவு பதினொன்றரை மணிக்கு போன் அடிக்கும். "தம்பி, பையன விசாரணைன்னு இட்டுனு பூட்டாங்க. எந்த ஸ்டேஷன்னு கேட்டா சொல்ல மாட்றாங்க." காசிமேட்டிலிருந்தோ எர்ணாவூரிலிருந்தோ ஒரு அம்மா பேசுவார். வடசென்னையில் சமூகப் பணி செய்யும் எங்களுக்கு இந்தக் குரல் பழகிப்போனது. மறுநாள் மாலை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது பையனின் கையில் மாவுக்கட்டு இருக்கும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்பார்கள். எஃப்.ஐ.ஆரில், கத்தியைக் காட்டி மிரட்டி, சட்டைப்பையிலிருந்த ஐந்நூறு ரூபாயைப் பறித்ததாக எழுதியிருக்கும். வக்கீல் வருவது இதற்கெல்லாம் பிறகுதான்.

வழிப்பறி வழக்கில் எதிர்வாதம் என்றதும் நமக்கு நீதிமன்றமும் குறுக்கு விசாரணையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த முதல் இரவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த இரவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நம் பிள்ளைகளுக்காக நாம் வாதாட முடியாது.

ஒரு கத்தி சேர்ந்தால் என்ன ஆகும்?

1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் திருட்டையும் வழிப்பறியையும் தெளிவாகப் பிரித்தது. ஒருவருக்குத் தெரியாமல் பர்ஸை எடுத்தால் திருட்டு. பிரிவு 379, அதிகபட்சம் 3 ஆண்டு. அதே பர்ஸை அடித்தோ உடனடி ஆபத்து என்ற பயத்தை உண்டாக்கியோ பறித்தால் வழிப்பறி. பிரிவு 392, 10 ஆண்டு வரை. கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் பிரிவு 397இன்படி 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. ஐந்து பேர் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை, ஆயுள் தண்டனை வரை போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் வழிப்பறி பிரிவு 309 ஆகியிருக்கிறது. எண் மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை.

இதன் நடைமுறை விளைவைக் கவனியுங்கள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருட்டு வழக்குக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. வழிப்பறி 10 ஆண்டு என்பதால் இல்லை. ஆக, எஃப்.ஐ.ஆரில் "கத்தியைக் காட்டி" என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தால் பையன் நேராகச் சிறைக்குப் போகிறான்.

கத்தி எங்கிருந்து வருகிறது? போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். இது பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 27. மதராஸ் மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுகூரி கோட்டையா வழக்கில் இதன் எல்லை வரையறுக்கப்பட்டது. "கத்தியை இங்கே ஒளித்து வைத்தேன்" என்பது செல்லும், "இந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்பது செல்லாது. சுதந்திரத்துக்கு முன்பே வந்த தீர்ப்பு இது. இன்றைக்கும் பல வழிப்பறி வழக்குகள் முள்புதரிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு கத்தியையும், கூப்பிட்டால் வந்து கையெழுத்துப் போடும் இரண்டு மகஜர் சாட்சிகளையும் நம்பியே நிற்கின்றன.

ஆளைப் பார்த்துக் குற்றம்

சட்டம் செயலைத்தான் தண்டிக்க வேண்டும். நம் நாட்டில் பிறப்பைத் தண்டித்த சட்டம் ஒன்று இருந்தது. 1871இல் வட இந்தியாவில் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள், கள்ளர்கள், தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர்கள் எனப் பல சமூகங்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டன. கைரேகை வைக்க வேண்டும், ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

1947இல் மதராஸ் மாகாணம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சாதிப் பெயர் போனது, பதிவேடு தங்கிவிட்டது. இன்றைய ஹிஸ்டரி ஷீட்டும் ரவுடி லிஸ்ட்டும் அந்தப் பதிவேட்டின் பேரப்பிள்ளைகள். பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் ஏரியாவில் எந்தப் பறிப்பு நடந்தாலும் முதலில் தட்டப்படுவது அந்த வீட்டுக் கதவுதான். சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டையும், சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் பிரிவுகளையும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வடசென்னையில் சாதியோடு இடமும் சேர்ந்துகொண்டது. 1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம், பிறகு துறைமுகம், எண்ணூர் வரை தொழிற்சாலைகள். மூட்டை தூக்கவும் கரி அள்ளவும் செங்கல்பட்டு, வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து மக்கள் வந்தார்கள். உழைப்பு தேவைப்பட்டது, உழைத்தவர்கள் குடியிருந்த தெருக்கள் சந்தேகத்துக்கு உரியவையாயின. நைட் ஷிப்ட் முடித்து வரும் பையனை நிறுத்தி "எந்த ஏரியா?" என்று கேட்கும் கேள்வியில் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நகைத் திருட்டு விசாரணையின்போது கொல்லப்பட்ட குறவர் சமூகத்து ராஜாகண்ணுவின் கதையை 'ஜெய் பீம்' படத்தின் வழியாக நீங்கள் அறிவீர்கள். 2022 ஜூனில் நம் கொடுங்கையூர் காவல் நிலையத்தில், நகைத் திருட்டு வழக்கில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் இறந்துபோனார். இரண்டு சம்பவங்களுக்கும் நடுவே 29 ஆண்டுகள். வக்கீல் இல்லாத அறை மட்டும் அப்படியே இருந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழிப்பறியில் பறிகொடுப்பவர்களும் பெரும்பாலும் நம் மக்கள்தான். விடியற்காலையில் மீன் எடுக்கப் போகும் பெண்ணின் சுருக்குப்பையும், வட மாநிலத் தொழிலாளியின் சம்பளமும் பறிபோகின்றன. அவர்களுக்கும் நியாயம் வேண்டும். கணக்கு முடிக்க யாரோ ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டால் உண்மையில் பறித்தவன் வெளியே இருப்பான். சரியான எதிர்வாதம் பறிகொடுத்தவருக்கும் பாதுகாப்புதான்.

வக்கீல் என்ற உரிமை வந்த வழி

அமெரிக்காவில் பெட்ஸ் என்ற வேலையற்ற பண்ணைத் தொழிலாளி மீது வழிப்பறி வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை, அரசு வைத்துத் தர வேண்டும் என்று கேட்டார். 1942இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 21 ஆண்டுகள் கழித்து, திருட்டு வழக்கில் சிறையிலிருந்த கிடியன் என்ற ஏழை பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவில்தான் 1963இல் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. வக்கீலோடு நடந்த மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். அதே ஆள், அதே வழக்கு. கூடுதலாக இருந்தது ஒரு வக்கீல் மட்டுமே.

இங்கே 1949 செப்டம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் முன்வைத்த பிரிவு இன்று உறுப்பு 22 ஆக இருக்கிறது. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைக் கலந்தாலோசிக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காசில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது 1978, 79இல் ஹோஸ்காட், ஹுசைனாரா காத்தூன் வழக்குகளில் உறுதியானது. கேட்காவிட்டாலும் தர வேண்டும், தராமல் நடத்திய விசாரணை செல்லாது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கு சொன்னது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாக்கியது. பட்டியல் சாதியினர் வருமானச் சான்று காட்டத் தேவையில்லை.

ஆனால் ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் வேண்டும். 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று தள்ளினார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து 1,000 ரூபாயாகக் குறைத்தார். இன்றும் புறம்போக்கில் குடியிருக்கும் குடும்பம் சொத்துவரி ரசீதுக்கு எங்கே போகும்? 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.

குண்டாஸ் என்ற மூடிய கதவு

உறுப்பு 22 வக்கீல் உரிமையைத் தந்த கையோடு, தடுப்புக் காவலில் அதை எடுத்தும் விடுகிறது. அந்த இடைவெளியில்தான் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம், நாம் குண்டாஸ் என்று சொல்வது, உட்கார்ந்திருக்கிறது. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கலாம். ரிமாண்டில் இருக்கும்போதே உத்தரவு வந்துவிடும். "இதே போன்ற வழக்கில் வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்தது, இவருக்கும் கிடைக்கலாம்" என்று காரணம் எழுதுவார்கள். இப்படி மொட்டையாக எழுதினால் போதாது என்று 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல குண்டாஸ் உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வேலை போய்விடும், ஐ.டி.ஐ. படிப்பு நின்றுவிடும்.

அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. ஆனால் 1981இல் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சன்னலைத் திறந்து வைத்தது: வக்கீல் அல்லாத ஒரு நண்பர் உதவலாம்.

தோழர்களே, அந்த நண்பர் நீங்களாக இருக்கலாம்.

அதற்கு முன்பும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆளை எடுத்துப்போனதும் நேரத்தைக் குறித்து வையுங்கள், தந்தி போலப் பயன்படும் ஒரு வாட்ஸ்அப் செய்தியையாவது அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். கைதுக் குறிப்பில் குடும்பத்தார் கையெழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 38இன்படி விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. கைதுக்கான காரணத்தைச் சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025இல் விஹான் குமார் வழக்கு சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்து சட்ட உதவி வக்கீலைக் கேளுங்கள். ரிமாண்டின்போது காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால், 10 ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள வழக்கில் கட்டாய ஜாமீன் உரிமை பிறக்கிறது என்று 2017இல் ராகேஷ் குமார் பால் தீர்ப்பு சொல்கிறது. 61ஆம் நாள் காலை மனுவோடு நிற்க வேண்டும்.

உங்களில் சட்டம் படிப்பவர்கள் பெரிய வழக்குகளைக் கனவு காண்பீர்கள். காணுங்கள். ஆனால் ஐந்நூறு ரூபாய் வழிப்பறி வழக்கை ஏளனமாக நினைக்காதீர்கள். இரவு பதினொன்றரைக்கு அந்த அம்மாவின் போனை எடுக்க ஆள் வேண்டும்.