மகாகவியா, தேசியகவியா? – பாரதி அன்பர்களிடையே எழுந்த ஒரு பூசல்

பாலக்கோட்டிற்கு அண்மையிலுள்ள பாப்பாரப்பட்டியில் 1925 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23 ஆம் நாள் சுப்பிரமணிய சிவா மறைந்தார். அவர் நடத்திய 'ஞானபாநு' இதழிலேதான் பாரதியின் 'சின்னச் சங்கரன் கதை' வெளிவந்தது. அக்காலத்தில் தருமபுரிப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 ஆம் நாள். அதே பழைய சேலம் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில், சிவா மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின் இராஜாஜியின் 'விமோசனம்' இதழில் பணியாற்றியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. சிவா பாரதியின் தோழர். கல்கியோ பாரதி பாடல்களைப் பாடிக்கொண்டே விடுதலைப் போரில் இறங்கிய இளந்தலைமுறையைச் சேர்ந்தவர். பாரதியிடம் அன்பு பூண்ட அந்தக் கல்கிதான் 1930களின் நடுவில், 'பாரதி மகாகவி அல்லர்' என்று வழக்காடி அன்பர் கூட்டத்தைக் கலக்கினார்.

இப்பூசலைத் தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றன. முடிவு எல்லார்க்கும் தெரிந்ததாகையால் வழக்கு சுவையற்றுப் போய்விட்டது போலும். ஆயினும் பகைவர்க்கிடையே நிகழ்ந்த போர் அன்று இது. ஒரே கவிஞனை நெஞ்சில் வைத்துப் போற்றியவர்கள் தம்முள் மாறுபட்ட வழக்கு. அந்த மாறுபாடு என்ன விளைத்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் காலச்சூழலை நினைவுகொள்ள வேண்டும். பாரதி மறைந்தது 1921 இல். 1928 இல் பர்மா அரசின் தடையைத் தொடர்ந்து சென்னை அரசும் அவர்தம் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து முழங்கினார். ஆகவே 1930களில் பாரதியைப் பாடுவது என்பது வெறும் இலக்கிய நுகர்ச்சி அன்று. ஊர்வலத்திலும் மறியல் களத்திலும் சிறைக்கூடத்திலும் அவர் பாடல் ஒலித்தது. 1934 இல் 'தினமணி' நாளிதழ் தன் முதல் இதழை வெளியிடப் பாரதி நினைவு நாளான செப்டம்பர் 11 ஐத் தேர்ந்துகொண்டது. மக்கள் அறிந்த பாரதி தேசியப் பாடல்களின் பாரதி. 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்', வசன கவிதைகள் ஆகியவற்றை ஊன்றிப் படித்தோர் சிலரே. புலவர் உலகமோ கம்பனோடு பெருங்கவிஞர் வரிசை முடிந்துவிட்டது என்று ஒதுங்கி நின்றது.

இச்சூழலில் பாரதியை மகாகவி என்று ஐயத்திற்கிடமின்றி முழங்கியவர் வ. ரா. புதுச்சேரியில் பாரதியோடு பழகிய பேறு பெற்றவர். 1933 இல் தொடங்கிய 'மணிக்கொடி'யின் ஆசிரியர். நேரிற் கண்ட அன்பு பேசும்போது அளவுகோல் கையில் இருப்பதில்லை. உலகப் பெருங்கவிஞர்களோடு ஒப்பிட்டு, அவர்களினும் மேலாகப் பாரதியை வைத்தார் அவர். இவ்வாறு ஒப்பிட்டு உயர்த்துவது அவருக்கு முன்னரே தொடங்கிய மரபுதான். புதுச்சேரிக் குழுவினருள் ஒருவரான வ. வே. சு. ஐயர், கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வில் ஓமரையும் வர்ஜிலையும் மில்டனையும் நிறுத்துப் பார்த்துக் கம்பனுக்கே வெற்றி அளித்தவர். பாரதியும் கம்பன், வள்ளுவன், இளங்கோ ஆகிய மூவரைத் தனியே எடுத்து உயர்த்தியவர்தாம். தர வரிசை வகுப்பது இரசிகனின் இயல்பு. அதனைப் பெருங்குற்றமாகச் சொல்வதற்கில்லை.

கல்கி அப்போது 'ஆனந்த விகட'னின் ஆசிரியர். பாரதி சிறந்த கவிஞர் என்பதில் அவருக்கு மறுப்பில்லை. தேசியகவி என்பதிலும் மறுப்பில்லை. மகாகவி என்னும் சொல்லையே அவர் தடுத்து நிறுத்தினார். எல்லா நாட்டாரும் எல்லாக் காலத்தும் போற்றுதற்குரிய கவிதை படைத்தவனே மகாகவி. ஒரு நாட்டின் ஒரு காலத் தேவையிலிருந்து பிறந்த பாடல்களைக் கொண்டு அப்பட்டத்தை வழங்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை இன்று படிப்போர் நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆனால் கல்கி எழுப்பிய வினா நேர்மையானது. புகழுரை பெருகப் பெருக அளவை குறையும் என்பதை உணர்ந்து, 'எந்த அளவையால் அளக்கிறீர்?' என்று தம் கூட்டத்தாரையே கேட்டார். அன்பர் கூட்டத்தில் அவ்வாறு கேட்பதற்கு ஒரு துணிவு வேண்டும். எதிர்க் கூட்டத்தான் கேட்டால் வசை என்று தள்ளிவிடலாம். தன் பந்தியில் உண்பவன் கேட்டால் விடை சொல்லித்தான் தீரவேண்டும்.

வினா நேர்மையானது, அவர் கொண்ட அளவைதான் குறையுடையது. மகாகவி என்னும் சொல் வடமொழி இலக்கணத்திலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் 'த்வன்யாலோகம்' செய்த ஆனந்தவர்த்தனர், கவிகள் வழிவழியாகப் பலர் தோன்றினும் காளிதாசன் முதலாக இருவர் மூவரோ ஐவர் அறுவரோதான் மகாகவிகளாக எண்ணப்படுவர் என்கிறார். அவர் கூறும் காரணம் நூலின் பருமனும் அன்று. நாடுகளின் எண்ணிக்கையும் அன்று. சொல்லுக்கு அப்பால் ஒலிக்கும் குறிப்புப் பொருளே காரணம். கல்கி வைத்த 'உலகனைத்தும்' என்னும் அளவை இம்மரபினின்று வந்ததன்று. 1913 இல் தாகூர் நோபல் பரிசு பெற்ற பின்னர் ஆங்கிலக் கல்வி பெற்றோரிடையே பரவிய 'உலகக் கவி' என்னும் எண்ணத்தின் சாயல் அதில் உண்டு. வியப்பு என்னவெனில், வ. ரா.வின் அளவையும் அதுவே. உலகக் கவிகளோடு நிறுத்து ஒருவர் பாரதியை மேலே வைத்தார். மற்றவர் அதே தராசில் நிறுத்துக் கீழே இறக்கினார். மொழிபெயர்ப்பில் பிற நாட்டாரை எட்டாத ஒரு கவிஞனை அத்தராசில் நிறுப்பது, தட்டில் வைக்காத பொருளுக்கு எடை சொல்வது போன்றது.

இந்த முட்டுக்கட்டையிலிருந்து வழக்கை மீட்டவர்கள் கு. ப. ராஜகோபாலனும் 'சிட்டி' பெ. கோ. சுந்தரராஜனும் ஆவர். மணிக்கொடிக் குழுவைச் சார்ந்த இவ்விருவரும் கல்கியின் வாதத்திற்கு மறுமொழியாகக் கட்டுரைகள் எழுதினர். அவை 1937 இல் 'கண்ணன் என் கவி' என்னும் நூலாயின. பாரதியைப் பற்றிய முதல் முழுமையான திறனாய்வு முயற்சியாக இதனைக் கொள்ளுதல் தகும். பட்டத்தைப் பற்றிய வழக்கு இங்கே பாடலைப் பற்றிய ஆய்வாக மாறியது. கொடி பிடித்த பாரதிக்குப் பின்னே நின்ற கவிஞனை அவர்கள் காட்டப் புகுந்தனர். சினம் சில இடங்களில் தலைகாட்டினும், நூலை எழுதச் செய்தது சினம் மட்டும் அன்று.

நூலின் பெயரையே சற்று எண்ணிப் பார்க்கலாம். கண்ணன் பாட்டில் பாரதி கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, சற்குருவாக, காதலனாக, காதலியாக, ஆண்டானாக, குலதெய்வமாகக் கண்டார். கவியாகக் காணவில்லை. அவர் விட்டுச்சென்ற ஓர் உறவை நிரப்பி, பாரதியையே கண்ணனாக்கி, 'என் கவி' என்றனர் இவ்விருவர். 'உலகின் கவி' என்று வாதிட வேண்டிய இடத்தில் 'என் கவி' என்று பெயரிட்டது தற்செயல் ஆயினும் ஆகுக. கல்கிக்கு அதைவிடக் கூரிய மறுமொழி இல்லை.

இவ்வழக்கில் கவிஞர்களுக்கு ஒரு தனிப் பங்கும் இருந்தது. 1934 இல் ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' மணிக்கொடியில் வெளிவந்தது. யாப்பின் கட்டைத் தளர்த்திய புதுக்கவிதையின் தொடக்கமாக அது எண்ணப்படுகிறது. கு. ப. ரா.வும் அவ்வழியில் எழுதினார். பாரதியின் வசன கவிதையே அவர்களுக்கு முன்னோடி. பாரதி பாட்டுக்கட்டித் தேசத்தை எழுப்பியவர் மட்டுமே எனின், வசன கவிதை ஒரு பெரியவரின் பொழுதுபோக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். பாரதி பெருங்கவி எனின், அவர் திறந்த கதவு பெருங்கதவு. எனவே கு. ப. ரா. பாரதிக்காக வாதாடியபோது, தாமும் தம் தோழரும் எழுதத் தொடங்கிய கவிதையின் வழியுரிமைக்காகவும் வாதாடினார். இப்பொருள் உள்ளடங்கியிருந்ததனாலேயே, ஒரு பட்டத்தைப் பற்றிய சண்டை அவ்வளவு வேகம் கொண்டது. விகடனுக்கும் மணிக்கொடிக்கும் இருந்த போட்டியும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்? ஒன்று பல்லாயிரவர் படித்த இதழ். மற்றொன்று சிலர் படித்து, அச்சிலரும் எழுத்தாளராகவே இருந்த இதழ்.

அன்பினாலேயே மாறுபடுதல் தமிழிரசிகர்க்குப் புதிதன்று. திருநெல்வேலியில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய 'வட்டத் தொட்டி'யை எண்ணுக. கம்பன்பால் கொண்ட காதல் மிகுதியால், கம்பன் பெயரில் வழங்கும் பாடல்களுள் பெரும்பகுதி கம்பனுடையன அல்ல என்று தள்ளியவர் டி. கே. சி. அவர்தம் 'கம்பர் தரும் ராமாயணம்' பதிப்பு அந்தத் துணிவின் பயன். சுவையை ஏட்டுச் சான்றுக்கு மேலாக வைத்த அம்முறையை ஆய்வாளர் ஏற்கவில்லை; ஏற்காததே சரி. ஆயினும் அவரைக் கம்பனுக்குப் பகைவர் என்று எவர் சொல்வார்? 1939 இல் காரைக்குடியில் கம்பன் கழகம் கண்ட சா. கணேசன், இம்மாறுபாட்டுக்கு மேடையே அமைத்துக் கொடுத்தார். கம்பனின் ஒரு பாத்திரத்தை முன்வைத்து அன்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வழக்காடும் பட்டிமண்டபம் அங்கே வளர்ந்தது.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு வேறு வகையது. 1943 மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அறிஞர் அண்ணாவும் கம்பராமாயணத்தை முன்வைத்து வாதிட்டனர். அதற்கு முந்திய மாதம் சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடு அண்ணா வாதிட்டிருந்தார். அங்கே வழக்குப் பொருள், அந்நூல் வேண்டுமா, எரிக்கப்பட வேண்டுமா என்பது. அவ்விரு சொற்போர்களும் 'தீ பரவட்டும்' என்னும் நூலாயின. அவ்வழக்கிற்கும் ஒரு வரலாற்று நியாயம் உண்டு. ஆனால் அது கவிதையின் எல்லைக்குள் நடந்ததன்று. நூல் வேண்டும் என்பதில் உடன்பட்டு, எவ்வளவு வேண்டும் என்பதில் முரண்படுவோரின் பேச்சு அதனினும் வேறானது.

ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. ஷேக்ஸ்பியர் எழுதியதை அடித்துத் திருத்தியதே இல்லை என்று நடிகர்கள் பெருமை பேச, ஆயிரம் வரிகளை அடித்திருக்கலாகாதா என்று கேட்டவர் அவர் நண்பர் பென் ஜான்சன். 1623 இல் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் தொகுக்கப்பட்டபோது, அவர் ஒரு காலத்திற்கு உரியவரல்லர், எக்காலத்துக்கும் உரியவர் என்று அதன் முகப்பில் பாடியவரும் அதே ஜான்சன்தான். குறை கண்ட வாயே நிறையையும் பாடியது.

கல்கியின் பின்வரலாறும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது. 1941 இல் 'கல்கி' இதழைத் தொடங்கிய அவர், எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பும் பணியைத் தோளில் ஏற்றார். தம் இதழின் வாயிலாக வாசகரிடம் நிதி திரட்டினார். 1945 இல் அடிக்கல் நாட்டியவரும் 1947 அக்டோபரில் மண்டபத்தைத் திறந்துவைத்தவரும் இராஜாஜி. பாரதியை மகாகவி என்று முழங்கியவர்களுள் ஒருவரும் எழுப்பாத மண்டபத்தை, மகாகவி அல்லர் என்றவர் எழுப்பினார். இதனைக் கழுவாய் என்று சொல்வாருண்டு. அது கல்கிக்குச் செய்யும் அநீதி. அவர் பட்டத்தை மறுத்த நாளிலும் பாரதியிடம் அவர்க்கிருந்த அன்பு குறைந்ததில்லை. கழுவ வேண்டிய கறை எங்கேயிருந்தது?

வ. ரா. தம் நிலையில் உறுதியாக நின்றார். 1944 இல் வெளிவந்த அவர் நூலின் பெயரே 'மகாகவி பாரதியார்'. வழக்கின் தீர்ப்பை முகப்பிலேயே அச்சிட்டுவிட்டார். வாதமாக அது பலவீனமானது. பாரதியை நம் கண்முன் நடக்கவும் சிரிக்கவும் வைக்கும் வாழ்க்கைச் சித்திரமாக இன்றும் நிகரற்றது. கு. ப. ரா. அதே 1944 இல், நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். வ. ரா. 1951 இலும் கல்கி 1954 இலும் மறைந்தனர். சிட்டி மட்டும் 2006 வரை வாழ்ந்து, தாம் வாதாடிய பட்டம் பள்ளிப் பாடநூல்களில் ஐயமின்றி ஏறியதைக் கண்டார்.

ஏறியபின் ஓர் இழப்பும் நேர்ந்தது. 'மகாகவி' இன்று பாரதியின் பெயருக்கு முன்னொட்டு ஆகிவிட்டது. ஏன் என்று மாணவர் கேட்பதில்லை, ஆசிரியர் சொல்வதுமில்லை. கேட்டவர் ஒருவர் இருந்ததனால் 'கண்ணன் என் கவி' எழுந்தது. கேட்பாரற்ற காலத்தில் எழுந்த பாரதி நூல்கள் எண்ணிக்கையில் மிகுதி. அவற்றுள் பலவும் வாழ்த்துரையோடு நின்றுவிட்டன.

2021 இல், பாரதி மறைந்து நூறாண்டு நிறைந்தபோது, அவர் நினைவு நாளான செப்டம்பர் 11 'மகாகவி நாள்' எனக் கொண்டாடப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. பட்டத்தைப் பற்றிய வழக்கு அத்துடன் அரசாணையாகவே முடிந்தது. அன்பர்களோ ஓய்ந்தபாடில்லை. பாரதியின் உயிர் பிரிந்தது 11 ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல். ஆங்கிலக் கணக்கில் அது 12 ஆம் நாள். ஆதலின் நினைவு நாள் எது என்னும் வழக்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிதாகத் தொடங்குகிறது.