3 வாரமாகியும் குரல் சரியாகலையா? தொண்டைப் புற்றுநோயில் ‘டெலோமரேஸ்’ என்ன செய்கிறது?

மாமல்லபுரத்தில் சிற்பங்களின் கதை சொல்லும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கும், அந்தக் கடலோரத்தில் மீன் ஏலம் விடுபவர்களுக்கும் குரல்தான் பிழைப்பு. தொண்டை கட்டிக்கிட்டா, “கத்திப் பேசுனதால வந்தது, தானா சரியாயிடும்” என்று விட்டுவிடுவது வழக்கம். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் 3 வாரம் தாண்டியும் குரல் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம், தொண்டைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பல நேரங்களில் குரல் கம்முவதுதான்.

ஒரு சாதாரண செல் எப்படிப் புற்றுநோய் செல்லாக மாறுகிறது? இதில் டெலோமரேஸ் என்ற நொதிக்கு முக்கியப் பங்கு இருக்கிறது.

டெலோமியர் என்றால் என்ன?

பட்டுப்புடவையின் முந்தானை ஓரத்தில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் கட்டுவார்கள். நம் செல்லில் இருக்கும் 46 குரோமோசோம்களின் முனைகளிலும் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதுதான் டெலோமியர்.

செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இந்தக் குஞ்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ரொம்பவே தேய்ந்துவிட்டால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். மனித செல்களை ஆய்வகத்தில் வளர்த்தால் சுமார் 40 முதல் 60 முறை வரைதான் பிரியும் என்று 1961ல் லியோனார்ட் ஹேஃப்லிக் காட்டினார்.

டெலோமரேஸ் எங்கே வருகிறது?

தேய்ந்த டெலோமியரை மறுபடி நீட்டித்துக் கொடுக்கும் நொதிதான் டெலோமரேஸ். 1984ல் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரெய்டர் இருவரும் இதைக் கண்டுபிடித்தனர். டெலோமியர் ஆய்வுகளுக்காக இவர்களுக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009ல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவணு, ஸ்டெம் செல் போன்றவற்றில் இந்த நொதி வேலை செய்யும். உடலின் மற்ற பெரும்பாலான செல்களில் அணைந்தே கிடக்கும். ஆனால் சுமார் 85 முதல் 90 சதவீத புற்றுநோய்களில் இது மறுபடி விழித்துக்கொள்கிறது.

தொண்டையில் நடப்பது என்ன?

பீடி, சிகரெட் புகையும் மதுவும் தொண்டையின் உட்தோலை ஆண்டுக்கணக்கில் காயப்படுத்துகின்றன. வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கமும் ஆபத்தைக் கூட்டுகிறது. டிஎன்ஏவில் பழுதுகள் சேர்கின்றன. பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 போன்ற காவல் மரபணுக்களும் செயலிழக்கலாம். அப்போதும் ஒரு கடைசித் தடை மிச்சம் இருக்கிறது. அதுதான் தேயும் டெலோமியர். டெலோமரேஸ் விழித்துக்கொண்டால் அந்தத் தடையும் போய்விடும். செல் முடிவில்லாமல் பிரியத் தொடங்கும்.

ஹெச்பிவி வைரஸ் வழியாக வரும் தொண்டைப் புற்றுநோயில், வைரஸின் இ6 என்ற புரதமே பி53ஐ அழித்து, டெலோமரேஸையும் தூண்டிவிடுகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. டெலோமரேஸ் மட்டும் தனியாகப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே பழுதான செல்லுக்கு அது சாகாவரம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணாவும் புற்றுநோயும்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காஞ்சிபுரத்தில் பிறந்தவர் அறிஞர் அண்ணா. மேடைப் பேச்சால் தமிழகத்தைக் கட்டிப்போட்ட அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. புகையிலைப் பழக்கம் உள்ளவர். 1968ல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்தும், 1969 பிப்ரவரி 3ஆம் தேதி காலமானார். டெலோமரேஸ் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு 15 ஆண்டுகள் கழித்துத்தான். இன்று காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரில்தான் இயங்குகிறது.

மருந்து வந்துவிட்டதா?

டெலோமரேஸைத் தடுக்கும் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்துக்கு 2024ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் அது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் ஒருவகை ரத்தக் கோளாறுக்கு. தொண்டைப் புற்றுநோய்க்கு அல்ல. தொண்டைக்கு இப்போதும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவைதான் முக்கிய வழிகள்.

“டெலோமியரை நீட்டித்து இளமை தரும்” என்று ஆன்லைனில் விற்கும் மாத்திரைகளை நம்பி வாங்க வேண்டாம். புற்றுநோய் செல் செய்வதும் அதே வேலையைத்தான்.

எப்போது மருத்துவமனைக்குப் போகணும்?

* 3 வாரத்துக்கு மேல் குரல் கம்மல்
* விழுங்கும்போது வலி, அடைப்பு
* கழுத்தில் கரையாத கட்டி
* வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
* சளியில் ரத்தம்

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். புகையிலையை விட நினைப்பவர்கள் 1800 11 2356 என்ற தேசிய இலவச எண்ணை அழைக்கலாம். குரல்வளைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலானோரைக் குணப்படுத்த முடியும், குரலையும் காப்பாற்றலாம். தாமதமானால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம்.