உம் குல்தூம்: மக்கள் தோளில் வாங்கிக்கொண்ட பாடகி

1975 பிப்ரவரி 3ஆம் தேதி எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் ஒரு பாடகி இறந்துபோனார். பெயர் உம் குல்தூம். இறுதி ஊர்வலத்தன்னிக்கு லட்சக்கணக்கான ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க. அரசு ஏற்பாடு செய்த ஊர்வலம் அவங்க கைக்குப் போயிடுச்சு. சவப்பெட்டியைத் தங்கள் தோளில் வாங்கிக்கொண்டு, ஹுசைன் பள்ளிவாசல் வரைக்கும் கொண்டுபோனாங்க.

ஒரு பாடகி மேல ஜனங்களுக்கு இவ்வளவு உரிமை எப்படி வந்தது? இன்னிக்கு நான் பேசப்போறது இதைத்தான்.

நைல் டெல்டாவில் ஒரு சின்ன கிராமம் அவருடையது. அப்பா பள்ளிவாசல் இமாம். வருமானம் போதாததால் கல்யாண வீடுகளில் பக்திப் பாடல்கள் பாடுவார். மகளின் குரலைக் கேட்டதும் அவளையும் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆனா பெண்பிள்ளை மேடையேறினா ஊர் என்ன சொல்லும்? அதனால ஆண்பிள்ளை உடை போட்டுத்தான் பாட வெச்சார். சின்ன வயசுல குர்ஆன் ஓதிப் பழகினதுல அவருக்கு உச்சரிப்பு அவ்வளவு சுத்தம்.

1920களில் குடும்பம் கெய்ரோவுக்கு வந்தது. 1934இல் எகிப்து அரசு வானொலி தொடங்கியது. அப்புறம் பல வருஷம், மாதத்தின் முதல் வியாழன் இரவு அவருடைய கச்சேரி நேரடியா ஒலிபரப்பாச்சு. வீட்டில் ரேடியோ இல்லாதவங்க டீக்கடையில உட்கார்ந்து கேட்டாங்க. எகிப்தில் மட்டும் இல்ல, அரபு நாடுகள் பலவற்றிலும் இதுதான் கதை.

ஒரு பாட்டு ஒரு மணி நேரம்கூடப் போகும். பாட்டு நீளம்னு இல்லைங்க. ஒரு வரியைப் பாடுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும், திரும்பப் பாடச் சொல்லும். அதே வரியை வேற மாதிரி பாடுவார். மறுபடி கேட்பாங்க, மறுபடி வேற மாதிரி. இப்படி பாட்டில் மெய்மறந்துபோகிற நிலைக்கு அரபியில் 'தரப்'னு பேர். அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் போகணும்னு கேட்கிறவங்களும் சேர்ந்துதான் முடிவு பண்ணாங்க. அந்த உரிமை அங்கிருந்துதான் வந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

ஆட்சியில் இருந்தவர்களும் இந்தக் குரலை விடவில்லை. ஃபாரூக் மன்னர் அவருக்கு விருது கொடுத்தார். 1952 புரட்சிக்குப் பிறகு, நாசர் ஆட்சியின் குரலாகவும் அவரே இருந்தார். 1967 ஜூனில் இஸ்ரேலிடம் ஆறே நாளில் எகிப்து தோற்றபோது, 'இந்தப் பாட்டுகள்தான் அரபு மக்களை மயக்கத்தில் வெச்சிருந்தது'ன்னு விமர்சனமும் வந்தது. சாதாரணக் குற்றச்சாட்டு இல்லை அது.

அப்போ அறுபதைத் தாண்டியவர் ஊர் ஊரா பாடக் கிளம்பினார். அதே வருஷம் நவம்பரில் பாரிஸின் ஒலிம்பியா அரங்கம். அப்புறம் மொராக்கோ, துனிசியா, குவைத், சூடான்னு பல நாடுகள். அதில் கிடைத்த பணத்தை எகிப்து அரசுக்குக் கொடுத்தார். அந்த விமர்சனத்தை முழுசா தள்ளிவிட நான் தயாரில்லை. அதிகாரம் அவரைப் பயன்படுத்தியது உண்மை. ஆனா மன்னரும் போனார், நாசரும் போனார். கெய்ரோ டீக்கடைகளில் அவர் பாட்டு இன்னும் ஒலிக்குது.

கேட்டுப் பார்க்க ஆசைன்னா, 1964இல் அப்துல் வஹாப் இசையமைத்த 'இன்த உம்ரி'யிலிருந்து தொடங்குங்க. கச்சேரிப் பதிவா தேடிக் கேளுங்க. நடுநடுவே கூட்டம் கத்துறது கேட்கும். அதைத் தாண்டிப் போயிடாதீங்க.