கொடியில் ஏறிய பாம்பு

1/ கடிக்கும் முன்னே வாலை ஆட்டி "கிட்ட வராதே"ன்னு எச்சரிக்கும் விரியன், டிம்பர் ராட்டில்ஸ்நேக். கிழக்கு அமெரிக்கக் காடுகளின் கிலுகிலுப்பைப் பாம்பு.

2/ 1775-ல் பிரிட்டனை எதிர்த்து எழுந்தவர்கள் கேட்ஸ்டன் கொடியில் வரைந்தது கிலுகிலுப்பைப் பாம்பைத்தான். "என்னை மிதிக்காதே" என்பது வாசகம். தானா வம்புக்குப் போகாது, மிதிச்சா விடாது!

3/ அதே நாடுதான் பின்னாடி அதன் தலைக்கு விலை வெச்சது. நியூயார்க்கில் 1971 வரை, மின்னசோட்டாவில் 1989 வரை கொன்றவர்களுக்குச் சன்மானம். குளிர்காலத்தில் பல பாம்புகள் ஒரே பாறைப் பொந்தில் அடையும். பொந்து தெரிஞ்சா மொத்தமும் காலி.

4/ மீண்டு வருவதும் சுலபமில்லை. இது குட்டி போடும் இனம். வடக்கே பெண் பாம்பு முதல் ஈற்றுக்கே ஏழெட்டு வருஷம் ஆகும். அடுத்ததுக்கு மூணு வருஷம்கூட ஆகலாம்.

5/ கடிச்சா உயிருக்கு ஆபத்துதான், மறுக்கல. ஆனா விஷமுறிவு மருந்து இருக்கு. கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

6/ இன்னொரு கணக்கும் உண்டு. உண்ணிகளுக்கு லைம் நோய்க் கிருமியைக் கொடுப்பதில் காட்டெலிகளுக்குப் பெரிய பங்கு. அந்த எலிகள்தான் இந்தப் பாம்புக்குச் சாப்பாடு. அதனால, அங்கே மலையேறும் நம்மாளுங்க கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டா ஒதுங்கிப் போங்க. கம்பு தேடாதீங்க.