எல்லோருக்கும் 26 சதவீதம்: எஸ்டோனியாவின் ஒற்றை விகித வரி

1992 அக்டோபரில் எஸ்டோனியாவின் பிரதமராக மார்ட் லார் பதவியேற்றபோது அவருக்கு வயது 32. அவர் படித்தது வரலாறு. பொருளாதாரத்தில் அதுவரை தான் படித்திருந்தது ஒரே ஒரு புத்தகம்தான், அது மில்டன் ஃப்ரீட்மன் எழுதிய 'ஃப்ரீ டு சூஸ்' என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதில் எழுதியிருப்பதெல்லாம் மேற்கு நாடுகளில் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பவை என்று நம்பிவிட்டாராம்!

பதினைந்தே மாதங்களில், 1994 ஜனவரி 1 முதல், எஸ்டோனியாவில் தனிநபர்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஒரே வருமான வரி விகிதம் வந்தது. 26 சதவீதம். அதுவரை ஐரோப்பாவில் எந்த நாடும் இதைப் பெரிய அளவில் செய்து பார்க்கவில்லை.

ஒற்றை விகித வரி என்றால் என்ன? நம்மூரில் வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும். அதைத்தான் 'ஸ்லாப்' என்கிறோம். ஒற்றை விகித முறையில் ஸ்லாப் கிடையாது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை வரி இல்லை. அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் அதே விகிதம்தான்.

இந்த யோசனை பிறந்தது எஸ்டோனியாவில் அல்ல, அமெரிக்காவில். 1962-லேயே ஃப்ரீட்மன் இதை எழுதியிருந்தார். 1981-ல் ராபர்ட் ஹால், ஆல்வின் ரபுஷ்கா என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்ட் அறிஞர்கள் 19 சதவீத ஒற்றை வரிக்கு முழுத் திட்டமே போட்டுக் கொடுத்தார்கள். வரிப் படிவம் ஒரு அஞ்சலட்டைக்குள் அடங்கிவிடும் என்பது அவர்களின் பிரபலமான வாதம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விகிதம் ஒன்றாக இருப்பதால் படிவம் அஞ்சலட்டைக்குள் அடங்கிவிடாது. ஸ்லாப் அட்டவணையைப் பார்த்து வரியைக் கணக்கிட ஒரு நிமிடம் போதும். எது வருமானம், எது செலவு, எதற்கு விலக்கு, எதற்குக் கழிவு என்று முடிவு செய்வதில்தான் தலைவலி. ஹாலும் ரபுஷ்காவும் அந்த விலக்குகளையும் ஏறக்குறைய எல்லாம் நீக்கச் சொன்னார்கள்.

அமெரிக்காவில் அது நடக்கவில்லை. வீட்டுக் கடன் வட்டிக்கு ஒரு கழிவு, நன்கொடைக்கு ஒரு கழிவு என்று ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அதனால் பயன்பெறும் ஒரு கூட்டம் இருந்தது. 1996 அதிபர் தேர்தலுக்கு 17 சதவீத ஒற்றை வரியை முழக்கமாக வைத்துக் களமிறங்கிய ஸ்டீவ் ஃபோர்ப்ஸ், தன் கட்சியின் வேட்பாளராகக்கூட ஆக முடியவில்லை.

எஸ்டோனியாவில் மட்டும் எப்படி நடந்தது? அங்கே அப்படி ஒரு கூட்டமே உருவாகியிருக்கவில்லை. சோவியத் காலத்தில் தொழிற்சாலையும் அரசுடையது, கடையும் அரசுடையது. சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். சாதாரணத் தொழிலாளி ரிட்டர்ன் தாக்கல் செய்ததே இல்லை. 1991 ஆகஸ்ட் 20-ல் விடுதலை வந்தபோது, சுமார் 15 லட்சம் மக்கள் கொண்ட அந்தக் குட்டி நாட்டில் காப்பாற்றிக்கொள்ளப் பழைய வரிச்சலுகை எதுவும் யாரிடமும் இல்லை.

இருந்ததெல்லாம் நெருக்கடிதான். 1992-ல் விலைவாசி ஒரே வருடத்தில் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. அந்த ஜூன் மாதம் ரூபிளைக் கைவிட்டு குரூன் என்ற சொந்த நாணயத்தைக் கொண்டுவந்து, 8 குரூனுக்கு 1 ஜெர்மன் மார்க் என்று கட்டிப்போட்டார்கள். அரசுக்கு உடனடியாக வருமானம் வேண்டும். அனுபவம் உள்ள வரி அதிகாரிகளோ மிகக் குறைவு. சிக்கலான சட்டம் போட்டால் அதை நடத்த ஆளில்லை. இந்த நிலையில் எளிமை என்பது கொள்கை மட்டும் அல்ல, வேறு வழியில்லாத தேவையும்கூட.

ஆனால் இந்த எளிமைக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 1993-ல் தனிநபர் வரி விகிதங்கள் 16, 24, 33 சதவீதம். கம்பெனிகளுக்கு 35. எல்லாவற்றையும் 26 ஆக்கினால் என்ன ஆகும்? 33 கட்டியவருக்கு 7 புள்ளி லாபம். கம்பெனிக்கு 9 புள்ளி லாபம். 16 கட்டிக்கொண்டிருந்த சிறு வருமானக்காரருக்கு 10 புள்ளி நஷ்டம்! வரிவிலக்குத் தொகை எவ்வளவு உயர்வாக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அவருக்கு நிவாரணம்.

இந்த விலக்குத் தொகை ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். விலக்கு 1,000, விகிதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 சம்பாதிப்பவர் 200 கட்டுவார். அது அவர் வருமானத்தில் 10 சதவீதம். 10,000 சம்பாதிப்பவர் 1,800 கட்டுவார். அது 18 சதவீதம். விகிதம் ஒன்றுதான், சுமை ஒன்றல்ல. விலக்குத் தொகையைக் குறைத்துக்கொண்டே போனால் இந்த வித்தியாசமும் மறைந்துவிடும். ஆகவே "ஒற்றை வரி ஏழைக்கு அநியாயம்" என்பதும் முழு உண்மையல்ல, "எல்லோருக்கும் சமம், அதனால் நியாயம்" என்பதும் முழு உண்மையல்ல.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஸ்டோனிய அரசு வருமான வரியை மட்டும் நம்பி இருக்கவில்லை. முதலாளிகள் சம்பளத்தின் மேல் 33 சதவீதம் சமூக வரி கட்டினார்கள். பொருட்களுக்கு 18 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி இருந்தது. 26 என்பது மொத்தக் கணக்கில் ஒரு வரி மட்டுமே.

பிறகு நாடு வேகமாக வளர்ந்தது உண்மை. அதற்கு ஒற்றை வரிதான் காரணமா? நிலையான நாணயம், தனியார்மயம், சுங்கவரி இல்லாத வணிகம், பக்கத்திலேயே ஃபின்லாந்தும் சுவீடனும் என்று பல காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மதிப்பெண் போட முடியாது.

ஆனாலும் பக்கத்து நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எஸ்டோனியாவின் வழியில் வந்தன. லிதுவேனியா 1994-லேயே 33 சதவீதம் வைத்தது. 2001-ல் ரஷ்யா 12, 20, 30 என்று இருந்த விகிதங்களை எடுத்துவிட்டு 13 சதவீதம் ஆக்கியது. முதல் வருடத்திலேயே அந்த வரியின் வசூல், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும், சுமார் 25 சதவீதம் கூடியது. உலகமே வியந்தது! ஆனால் 2005-ல் வெளியான சர்வதேச நாணய நிதிய ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. வரி ஏய்ப்பு ஓரளவு குறைந்திருக்கிறது, ஆனால் விகிதத்தைக் குறைத்ததால்தான் வசூல் கூடியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அந்த ஆய்வு.

ஸ்லோவாக்கியா 2004-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. தனிநபர் வரி 19, கம்பெனி வரி 19, மதிப்புக் கூட்டு வரியும் 19. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை 14 சதவீதமாக இருந்த குறைந்த மதிப்புக் கூட்டு வரியும் 19 ஆகிவிட்டது. 2007-ல் மருந்துக்கு மட்டும் 10 சதவீதம் என்று முதல் விதிவிலக்கு திரும்பி வந்தது. 2013-ல் தனிநபர் வரியிலும் 19, 25 என்று இரண்டு ஸ்லாப் ஆனது.

அதன்பின் பலரும் திரும்பினார்கள். லாட்வியா 2018-ல், லிதுவேனியா 2019-ல் ஸ்லாப் முறைக்கு வந்தன. ரஷ்யா 2021-ல் இரண்டாவது விகிதம் சேர்த்தது, 2025-ல் 13 முதல் 22 வரை ஐந்து விகிதங்கள் ஆக்கியது. அரசுக்குப் பணத்தேவை வரும்போது உச்சியில் இருப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதுதான் எளிய வழி. ஒற்றை விகிதத்தில் அப்படிக் கேட்க முடியாது. உயர்த்தினால் எல்லோருக்கும் உயர்த்த வேண்டும்.

எஸ்டோனியா மட்டும் விகிதத்தை விடவில்லை. 26 படிப்படியாகக் குறைந்து 2015-ல் 20 ஆனது. 2025-ல் 22 ஆக ஏறியது. அப்போதும் ஒரே விகிதம்தான். ஆனால் நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. 2018-ல் விகிதத்தைத் தொடாமல் விலக்குத் தொகையில் கை வைத்தார்கள். மாத வருமானம் 1,200 யூரோ வரை 500 யூரோ விலக்கு. அதற்கு மேல் விலக்கு குறைந்துகொண்டே போய் 2,100 யூரோவில் பூஜ்யம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200-க்கும் 2,100-க்கும் இடையில் 100 யூரோ கூடுதலாகச் சம்பாதித்தால், அந்த நூறுக்கும் வரி, கூடவே இழந்த சுமார் 55 யூரோ விலக்குக்கும் வரி. மொத்தம் 31 யூரோ போகும். ஆனால் 2,100-ஐத் தாண்டியவருக்கு அடுத்த 100 யூரோவில் 20 மட்டுமே போகும்! சட்டத்தில் ஒரே விகிதம், நடைமுறையில் நடுத்தர வருமானக்காரரின் தலையில் ஒரு ரகசிய ஸ்லாப். இரண்டு இடங்களில் வேலை பார்த்தவர்கள் விலக்கைச் சரியாகக் கணிக்க முடியாமல் வருடக் கடைசியில் பாக்கி கட்ட வேண்டி வந்தது. 2026 முதல் இதை எடுத்துவிட்டு, வேலை செய்யும் வயதில் இருக்கும் எல்லோருக்கும் மாதம் 700 யூரோ விலக்கு என்று பழைய எளிமைக்கே திரும்பினார்கள்.

2000-லேயே இணையம் வழியாக ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தொடங்கிய நாடு அது. அரசே நிரப்பி வைத்திருக்கும் படிவத்தைச் சில நிமிடங்களில் சரிபார்த்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த வசதிக்குக் காரணம் விலக்குகள் குறைவாக இருப்பது. அந்தப் படிவத்தில் ஒன்றுக்குப் பதில் மூன்று விகிதங்கள் இருந்திருந்தாலும் கணினிக்கு அது ஒரு பாரமே அல்ல. எளிமை வேண்டும் என்று ஒற்றை வரி கேட்பவர்கள் முதலில் சொல்ல வேண்டியது, எந்தெந்த விலக்கை எடுக்கப் போகிறார்கள் என்பதைத்தான். விகிதம் எத்தனை இருக்கலாம் என்பது, யார் எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற தனிக் கேள்வி. 1994-ல் 16-லிருந்து 26-க்குப் போன அந்தச் சிறு வருமானக்காரரிடமும் அதைக் கேட்டிருக்க வேண்டும்.