விட்ட இடம்

நாற்பது சொற்களால் வந்த வினை இது. மாணவர்களுக்காக நான் தொகுத்துவந்த சொல்லடைவுக் கோப்பு ஒன்பதாயிரம் வரிகளைத் தாண்டியிருந்தது. ஒவ்வோர் இரவும் கோப்பைத் திறந்தால் கர்சர் முதல் வரியில்தான் வந்து நிற்கும். முந்தைய இரவு எங்கே நிறுத்தினேன் என்பதை நினைவைக் கொண்டே தேடிப் போவேன். அப்படி ஓர் இரவில் நாற்பது சொற்களைத் திருத்தாமலே தாண்டியிருக்கிறேன். பிழைகளோடு அவை மாணவர் கைக்குச் சென்றன. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. பிழை என்னுடையதுதான். ஆயினும், விட்ட இடத்தைக் கணினி ஏன் நினைவில் கொள்வதில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை.

தேடிப் பார்த்ததில், அதற்கொரு வரலாறு இருந்தது.

1969இல் யூனிக்ஸுக்காகக் கென் தாம்ப்சன் 'எட்' என்னும் எடிட்டரை எழுதினார். அதைப் பயன்படுத்தியோர் முன் திரை இல்லை. தாளில் அச்சிட்டுக் காட்டும் டெலிடைப் கருவியே இருந்தது. கோப்பைத் திறந்தால் 'எட்' கடைசி வரியில் போய் நிற்கும். மேலும் எழுதிச் சேர்க்க வருபவனுக்கு அது வசதியே.

1976இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய் 'விஐ' எடிட்டரை உருவாக்கினார். இப்போது திரை வந்துவிட்டது. கோப்பும் முதல் வரியில் திறந்தது. வேண்டிய வரிகளுக்கு ஓரெழுத்துக் குறியிட்டு, நினைத்தபோது அங்கே திரும்பலாம். ஆனால் எடிட்டரை மூடியதும் குறிகள் அழிந்துவிடும். இதில் ஒரு முரண் உண்டு. கணினி இடையில் நின்றுபோனால் சேமிக்காத எழுத்தை மீட்டுத்தர 'விஐ'யில் வழியிருந்தது. எழுத்தைக் காக்க வேண்டும் என்று எண்ணியவர்கள், எழுதியவன் நின்ற இடத்தைக் காக்க எண்ணவில்லை.

அந்தக் குறை இரண்டு இடங்களில் தீர்ந்தது. ஈமேக்ஸ் எடிட்டருக்காக 1993இல் கார்ல் ஃபோகல் 'சேவ்பிளேஸ்' என்னும் சிறு நிரலை எழுதினார். மற்றொன்று, நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் அமிகா கணினிக்காக உருவாக்கி 1991இல் வெளியிட்ட 'விம்'. 'விஐ'யின் வழிவந்த இந்த எடிட்டர், பின்னர் 'விம்இன்ஃபோ' என்னும் தனிக்கோப்பில் குறிகளைச் சேமிக்கலானது. கோப்பை விட்டு நீங்கும்போது கர்சர் நின்ற இடத்திற்கு இரட்டை மேற்கோளே குறி. ஒற்றை மேற்கோளைத் தட்டி, அடுத்து இரட்டை மேற்கோளைத் தட்டினால் விட்ட வரிக்குப் போய்விடலாம்.

இருவருமே அந்த இடத்தை மூலக் கோப்புக்குள் எழுதவில்லை. வேறொரு கோப்பில் எழுதினார்கள். பனுவல் எல்லோருக்கும் உரியது, நின்ற இடம் படிப்பவனுக்கு மட்டுமே உரியது. நூலகப் புத்தகத்தின் தாளை மடித்து வைப்பவரை நாம் கடிந்துகொள்வதும் இதனால்தானே?

ஆனால் இந்த நினைவு நெடுங்காலம் கேட்பவர்க்கு மட்டுமே கிடைத்தது. ஈமேக்ஸில் இன்றும் 'சேவ்பிளேஸ்' வசதியை நாமே இயக்க வேண்டும். விம்மில் 2016இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து, சொந்த அமைப்புக்கோப்பு இல்லாதவர்க்குத் தானாகவே இது நடக்கிறது. நான் இடறியது இங்கேதான். எழுத்துரு, நிறம் என்று எனக்கென ஓர் அமைப்புக்கோப்பு எழுதியதும், 'டிஃபால்ட்ஸ்' என்னும் பொதுக்கோப்பை விம் படிப்பதை நிறுத்திவிட்டது. அதை அழைக்கும் ஒரு வரியை என் கோப்பின் தலையில் சேர்த்ததும் நினைவு திரும்பியது.

இதற்கும் எல்லைகள் உண்டு. விம் இயல்பாக நூறு கோப்புகளின் குறிகளையே வைத்திருக்கும். கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றினால், அதற்கு அது புதிய கோப்பு. பலர் பகிரும் கணினியில், நாம் திறந்த கோப்புகளின் பெயர்களும் அந்தத் தனிக்கோப்பில் தங்கிவிடும்.

எல்லாவற்றினும் பெரிய எல்லையை அடுத்த மாதமே கண்டேன். உதவிக்கு வந்த மாணவர் ஒருவர் வேறொரு கணினியில் கோப்பின் தொடக்கத்திலிருந்து அறுபது வரிகளை நீக்கி, திரும்பக் கொண்டுவந்து வைத்தார். நான் திறந்தேன். கர்சர் பழைய வரியெண்ணில் சரியாகப் போய் நின்றது. நான் விட்ட சொல்லோ அறுபது வரி மேலே இருந்தது. விம் நினைவில் வைத்தது வரியெண்ணையும் நெட்டுவரிசையையும். ஈமேக்ஸ் வைப்பது எழுத்துகளின் எண்ணிக்கையை. இரண்டும் எண்களே, சொல் இல்லை.

பிராம் மூலெனார் 2023இல் மறைந்தார். அவருடைய எடிட்டர் இன்றும் என் கோப்பை விட்ட வரியில் திறந்துவைக்கிறது. மேலே பத்து வரிகளைப் படித்து, நேற்று முடித்த சொல்லைக் கண்ணால் கண்ட பிறகே நான் தொடர்கிறேன். அந்த நாற்பது சொற்களையும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.